வான்வழிக்கு ஒரு காவல்

வானூர்தி விபத்தொன்று நிகழ்ந்த மறுநாள் உலகப் பத்திரிகைகள் யாவும் அதனைப் பெரிய எழுத்திற் பொறிக்கின்றன. நிகழாது தடுக்கப்பட்ட விபத்தைப் பற்றி எப்பத்திரிகையும் எழுதுவதில்லை. எழுதப்படாத அச்செய்திகளைப் பெருக்குவதையே தன் தொழிலாகக் கொண்ட தாபனம் ஒன்று அமெரிக்காவில் உண்டு. ‘பிளைற் சேஃப்ரி பவுண்டேஷன்’ என்பது அதன் பெயர். பறப்புப் பாதுகாப்பு நிறுவனம் எனத் தமிழிற் கூறலாம். எமது கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று கடல் கடந்து வாழ்கின்றனர். வானூர்தி ஏறியே தாய்மண்ணுக்கு வந்து மீள்கின்றனர். ஆதலின் அத்தாபனத்தின் பணி எமக்குப் புறம்பானதன்று.

1947 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் இதனைத் தோற்றுவித்தவர் ஜெரோம் லெடரர் என்னும் பொறியியலாளர். 1902 இற் பிறந்த இவர், 1926 இல் அமெரிக்க வான்தபாற் சேவையிற் பணியாற்றினார். 1927 இல் லிண்ட்பேர்க் தன்னந்தனியே அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கப் புறப்படுமுன், அவருடைய விமானத்தைப் பார்வையிட்டவரும் இவரே. பின்னர் விமானக் காப்புறுதித் துறையிற் பணிபுரிந்தார். 1940 இல் அமெரிக்க அரசின் விமானப் பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைவரானார். 1967 இல் அப்பலோ விண்கலத்திற் பற்றிய தீக்கு மூன்று விண்வெளி வீரர் இரையானதன் பின்னர், நாசா இவரையே பாதுகாப்புப் பொறுப்புக்கு அழைத்தது. நூறாண்டு கடந்து வாழ்ந்து 2004 இல் மறைந்தார். முற்றிலும் ஆபத்தற்ற பறப்பு என ஒன்றில்லை. ஆபத்தை முன்னறிந்து அளந்து குறைத்தலே மனிதனாற் கூடுவது என்பது அவர்தம் கொள்கை.

இந்நிறுவனம் இலாபம் நோக்காதது. விமானம் செய்து விற்பதில்லை. சட்டம் இயற்றும் அதிகாரமும் இதற்கில்லை. அங்கத்தவர் தரும் சந்தாவும் நன்கொடையும் இதன் ஆதாரங்களுள் அடங்கும். அதிகாரமில்லாத ஒன்றால் யாது பயன் என வினவலாம். அதிகாரமின்மையே இதன் பலம் என்பதே விடை. அரசாங்கத்திடம் தன் குறையைச் சொல்ல விமானக் கம்பனி அஞ்சும்; போட்டிக் கம்பனியிடம் சொல்ல நாணும். இவ்விரண்டுமல்லாத பொதுமன்றம் ஒன்றிருப்பின், பகைவரும் ஒரே வாங்கில் அமர்ந்து தத்தம் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ள இயலும். ஆண்டுதோறும் இந்நிறுவனம் கூட்டும் சர்வதேச மாநாடு அத்தகைய மன்றமாகும்.

அவ்வாறு பகிராதொழிந்தால் விளைவது யாது என்பதற்கு 1974 ஆம் ஆண்டு சான்று பகரும். அவ்வாண்டு டிசம்பர் 1 ஆம் நாள், ரி.டபிள்யூ.ஏ. கம்பனியின் 514 ஆம் இலக்க விமானம் வாஷிங்டனுக்கு அண்மையிலுள்ள டல்லஸ் விமான நிலையத்தை நோக்கி இறங்குகையில், வேர்ஜீனியா மாநிலத்து மலையொன்றில் மோதியது. அதிலிருந்த 92 பேரும் மாண்டனர். இறங்கலாம் என்ற கட்டுப்பாட்டாளரின் சொல்லுக்கு, உடனே தாழ்ந்த உயரத்துக்குச் செல்லலாம் என விமானிகள் பொருள்கொண்டனர். ஏறக்குறைய ஆறு வாரங்களுக்கு முன்னர், யுனைற்றெட் கம்பனியின் விமானமொன்று அதே இடத்தில் அதே மயக்கத்துக்கு ஆளாகி மயிரிழையிற் தப்பியிருந்தது. அக்கம்பனி தன் விமானிகளை எச்சரித்தது. அச்செய்தியோ கம்பனியின் மதிலைத் தாண்டவில்லை. ஒரு சொல்லின் பொருள் மயக்கமும் ஒரு செய்தியின் முடக்கமும் கூடி 92 உயிர்களைக் கவர்ந்தன. இதன் பயனாகவே, விமானிகள் தம் தவறுகளைத் தண்டனைக்கு அஞ்சாது இரகசியமாக அறிவிக்கும் முறையொன்று 1976 இல் நாசாவின் பொறுப்பில் அமெரிக்காவில் ஏற்பட்டது.

இவ்விபத்து நிகழ்ந்து மூன்றாம் நாள், டிசம்பர் 4 ஆம் தேதி, இலங்கையிலும் அத்தகைய பேரிடர் நேர்ந்தது. இந்தோனேசியாவிலிருந்து மக்கா யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்காவை நோக்கி வந்த மார்ட்டின்எயார் விமானம், மஸ்கெலியாப் பகுதியிலுள்ள ஏழு கன்னியர் மலையில் மோதிச் சிதறியது. 182 யாத்திரிகரும் 9 பணியாளரும் மடிந்தனர். விமான நிலையத்தை அணுகிவிட்டோம் எனத் தம் இருப்பிடத்தைப் பிறழ உணர்ந்த விமானிகள், மலைநாட்டின் மேலேயே தாழ இறங்கியதே காரணமென விசாரணை கண்டது.

இவ்விரு விமானங்களிலும் விமானிகள் திறமையற்றவரல்லர், கட்டுப்பாட்டை இழந்தவருமல்லர். நல்ல நிலையிலுள்ள விமானத்தை, மலை எதிர்ப்படுவதை அறியாது செலுத்தினர். இவ்வகை விபத்தை ஒழிப்பதற்கு, 1990 களில் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தோடும் பிறரோடும் கூடி இந்நிறுவனம் பெருமுயற்சி செய்தது. பயிற்சி நூல்களையும் ஆபத்தை மதிப்பிடும் பட்டியல்களையும் ஆக்கி உலகெங்கும் பரப்பியது. தரையை எச்சரிக்கும் கருவியை ஆக்கிய டொன் பேற்மன் என்பார், 1990 களில் அதனை மேலும் செம்மைப்படுத்தினார். பழைய கருவி நேர்கீழே உள்ள நிலத்தை மாத்திரம் அளந்தது. செங்குத்தான மலை எதிர்ப்படின் அதன் எச்சரிக்கை காலந்தாழ்த்தே வரும். புதியதோ நிலத்தின் ஏற்றத்தாழ்வு முழுவதையும் தன்னகத்தே பதிந்து வைத்து, முன்னால் வரும் மலையையும் உரைக்கும். இவற்றின் பயனாக, பெரிய பயணிகள் விமானங்களில் இவ்வகை விபத்து இன்று அருகிவிட்டது.

இறங்குவேளை விபத்துக்களைக் குறைக்கவும் இந்நிறுவனம் எளிய விதியொன்றை வற்புறுத்துகிறது. முகில் சூழ்ந்த வேளையில் ஓடுபாதைக்கு 1,000 அடி உயரத்திலும், தெளிந்த வேளையில் 500 அடி உயரத்திலும், வேகம், திசை, இறங்கும் வீதம் யாவும் ஒழுங்காக அமைந்திருத்தல் வேண்டும். அமையாவிடின் தயங்காது மேலெழுந்து மீண்டும் முயலவேண்டும். அங்ஙனம் மேலெழுதல் விமானிக்கு இழுக்கன்று. அது அவர் கடமை.

2006 ஆம் ஆண்டில் வேறு சில அமைப்புகளோடு சேர்ந்து இந்நிறுவனம் மற்றொரு தீர்மானத்தையும் வெளியிட்டது. விபத்து விசாரணையைக் குற்றவாளி தேடும் வேட்டையாக்கின், உண்மை அறிந்தோர் வாய்மூடுவர். அடுத்த விபத்தைத் தடுக்கும் வழி அடைபடும் என்பது அதன் சாரம். அங்ஙனமாயின் தவறிழைத்தோர் தப்புவதா? வேண்டுமென்றே செய்த தீங்குக்கும் கொடிய அசட்டைக்கும் எவரும் மன்னிப்புக் கோரவில்லை. நேர்மையாய்த் தொழில் செய்வோருக்கு நேரும் மறதியும் மயக்கமும் தண்டனையாற் திருந்துவன அல்ல என்பதே கூறப்படுவது.

மாணவர்களே, இது வானத்துக்கு மாத்திரம் உரிய பாடமன்று. உங்களுள் மருத்துவராவோர் உளர், பொறியியலாளராவோர் உளர், ஆசிரியராவோரும் உளர். கொப்பியை ஒளித்து வைக்கும் மாணவனின் பிழையை எந்த ஆசிரியராலும் திருத்த முடியாது. பிழை காட்டியவனை எள்ளி நகையாடும் வகுப்பில் எவனும் கொப்பியைக் காட்டவும் மாட்டான். ஆகவே பிழையை உரைக்கும் துணிவு ஒருவருக்கு வேண்டின், அதனைப் பொறுமையோடு கேட்கும் பண்பு சூழ உள்ளோர்க்கு முன்னர் வேண்டும். நீங்கள் நாளை எப்பதவியில் அமரினும், உம்மிடம் வந்து ‘இங்கே ஒரு பிழை நேர்ந்தது’ என அஞ்சாது சொல்லக்கூடிய ஒருவரேனும் இருக்குமாறு நடந்துகொள்ளுங்கள்.