காட்டு மண்ணின் இருப்பு
காட்டின் செல்வம் மரமே என்பர். உதிர்ந்த இலையும் மடிந்த வேரும் மக்கி மண்ணில் சேர்த்துள்ள கரிச்சத்தைப் பெரும்பாலோர் கணக்கில் கொள்வதில்லை. பூமியின் உஷ்ணம் உயருங்கால் அந்த இருப்பு நிலைக்குமா?

அமெரிக்காவில், மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஹார்வர்டு வனத்தில், 1991-ஆம் ஆண்டு முதல் சில பாத்திகளில் மின்கம்பிகளைப் புதைத்து, அயல் மண்ணினும் 5 டிகிரி செல்ஷியஸ் மிகுதியாகச் சூடேற்றி வந்தனர். 26 ஆண்டுகளில், 60 செண்டிமீட்டர் ஆழம் வரையுள்ள கரியில் 17 சதவிகிதம் கரியமில வாயுவாக வெளியேறிற்று. வெம்மையில் எரு விரைந்து மக்குவதை அறிந்த நம் விவசாய அங்கத்தினருக்கு இதில் வியப்பிராது. எம்மை வியக்கச் செய்தது வேறொன்று. முதற் பத்தாண்டுகளுக்குப்பின் நின்ற இழப்பு, சில ஆண்டுகள் கழித்து மீண்டும் தொடங்கிற்று! எளிதில் மக்குவது தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் கடினமானவற்றையும் சிதைக்கத் தலைப்பட்டன என ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். வெளியேறும் வாயுவோ பூமியின் உஷ்ணத்தை மேலும் உயர்த்துகிறது.