வேற்றுத் தரையில் நின்று வானம் பார்க்க

வானியல் மென்பொருளைத் திறப்பவர்களில் பலர் தங்கள் ஊர் வானத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அதன் அருமையான பகுதியே அப்புறம்தான் இருக்கிறது. பிரான்சைச் சேர்ந்த ஃபாபியன் ஷெரோ தொடங்கிய ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில், எஃப்6 விசையை அழுத்தினால் இடம் தேர்வுசெய்யும் சாளரம் வரும். அங்கே ஊரை மட்டுமல்ல, கோளையே மாற்றலாம். பூமியை எடுத்துவிட்டு நிலாவைத் தேர்ந்தெடுத்து, 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கிய இடத்தைக் கொடுங்கள்: தெற்கே 69.4 பாகை, கிழக்கே 32.3 பாகை.

வடமேற்குப் பக்கம், அடிவானத்துக்கு மேல் சுமார் 17 பாகை உயரத்தில் பூமி தெரியும். நாம் பார்க்கும் நிலாவைவிட அதன் விட்டம் ஏறக்குறைய நான்கு மடங்கு. இப்போது எல் விசையைத் தட்டிக் காலத்தை வேகமாக ஓட்டுங்கள். சூரியன் நகரும், விண்மீன்கள் நகரும். பூமி மட்டும் லேசாக ஊசலாடியபடி அதே மூலையில் நிற்கும். உதயமும் இல்லை, அஸ்தமனமும் இல்லை. நிலா எப்போதும் ஒரே முகத்தையே நமக்குக் காட்டுவதால் வரும் விளைவு இது. இங்கே அமாவாசை என்றால் அங்கே முழுப் பூமி. இங்கே பௌர்ணமி என்றால் அங்கே பூமி இருண்டு கிடக்கும். பாடப்புத்தகப் படத்தில் பிடிபடாமல் போகும் பிறைக் கணக்கு, பிள்ளைகளுக்கு இப்படிக் காட்டினால் சட்டென்று விளங்கிவிடும்.

செவ்வாயில் இறங்கினால் இன்னொரு பழக்கம் உடைகிறது. அதன் நிலவுகளில் ஒன்றான போபோஸ் மேற்கே உதித்துக் கிழக்கே மறைகிறது. செவ்வாய் ஒருமுறை தன்னைத்தானே சுற்ற 24 மணி 37 நிமிடம் ஆகும். போபோஸோ 7 மணி 39 நிமிடத்தில் செவ்வாயையே சுற்றிவிடும். தரை சுழலும் வேகத்தை அது முந்திவிடுவதால்தான் திசை மாறித் தெரிகிறது. அது மிகத் தாழ்வாகச் சுற்றுவதால், துருவங்களை ஒட்டிய பகுதிகளில் நின்றால் கண்ணிலேயே படாது. மற்றொரு நிலவான டெய்மோஸ் ஒரு சுற்றுக்கு 30 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. எனவே கிழக்கே எழுந்தால் மறைய இரண்டு நாளுக்கு மேல் ஆகும்.

எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எந்த நேரத்தில் எது எங்கே இருக்கும் என்ற கணக்கு உறுதியானது. காற்றும் நிறமும் அப்படியல்ல. வளிமண்டலத்தை ஏ விசையால் அணைத்துவிட்டால் வெள்ளியின் தரையிலிருந்தும் விண்மீன்கள் மின்னும். உண்மையில் அங்கே கந்தக அமில மேகங்களைத் தாண்டி ஒன்றுமே தெரியாது. செவ்வாயில் அந்திச் சூரியனைச் சுற்றி நீலம் படர்வதை அறிய, கியூரியாசிட்டி ஊர்தி 2015-இல் எடுத்த படங்களைத்தான் பார்க்க வேண்டும்.

கணக்கின் வலிமையைச் சோதிக்க ஒரு தேதி சொல்கிறேன். செவ்வாயில் சூரியன் மேலிருக்கும் பக்கமாக ஓரிடத்தைத் தேர்ந்து, 2084 நவம்பர் 10-க்குப் போய்ச் சூரியனைப் பெரிதாக்குங்கள். ஒரு கரும்புள்ளி சூரிய வட்டத்தைக் கடந்துகொண்டிருக்கும், அது பூமி. அதோடு வரும் சிறிய புள்ளி நம் நிலா.