உப்புக்காற்றுக்கு ஈடுகொடுக்கும் சோபா

பகுதி பகுதியாக வாங்கி, வேண்டியவாறு இணைத்தும் பிரித்தும் போடக்கூடிய சோபா சிறிய வரவேற்பறைக்குப் பெரிதும் உகந்ததே. ஆயினும், சிலாபம் முதல் கற்பிட்டி வரையுள்ள கரையோரத்தில் வாழும் குடும்பங்கள் விலையைக் கேட்குமுன் உப்புக்காற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

காற்றோடு வரும் உப்பு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். அதனால் இரும்பு ஆணியும் இணைப்புத் தகடும் விரைவில் துருப்பிடிக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையோ ஈரமுற்றால் ஊதி, திருகாணியைப் பற்றும் வலிமையை இழக்கும். இத்தகைய சோபாவின் உயிர் இணைப்பிலன்றோ இருக்கின்றது! தவணைப் பணம் கட்டி முடியுமுன் சோபா ஆட்டங்கண்டால், மலிவென்று வாங்கியது மலிவாகுமா?

ஆகவே, முதலில் அறையை அளப்போம். 2½ அடி அகல இருக்கைகள் மூன்றுக்கு 7½ அடி இடம் வேண்டும். அவை வாயிலினூடு நுழையவும் வேண்டும். அடுத்து, இருக்கையைப் புரட்டி அடிச்சட்டத்தைப் பார்ப்போம். நன்கு உலர்ந்த வேம்பு அல்லது முதிரைச் சட்டமும், துருப்பிடிக்காத உருக்குத் திருகாணிகளும் நீடித்து உழைக்கும். உறைகள் கழற்றித் துவைக்கத்தக்கனவாக இருக்கட்டும். மெத்தைக்கு நம் தென்னை தரும் தும்பு இருக்கின்றது. தும்போடு இறப்பர்ப்பால் சேர்த்துச் செய்த மெத்தையில் காற்று ஊடாடுவதால் ஈரம் தங்காது.

முழுவதையும் கடனுக்கு வாங்குவதிலும், கைப்பணத்தில் இன்று இரண்டு இருக்கைகளை வாங்குவதே நன்று. அளவைக் குறித்து வைத்தால், மூன்றாவதை உள்ளூர்த் தச்சரே அடுத்த ஆண்டு செய்து தருவார். வீட்டுக்கு அழகும் சேரும், கடனும் சேராது.