சிறுநீரகத்தில் கட்டி: எல்லாம் புற்றுநோயா?

சிறுநீர் சிவந்து போனால் நம் தோட்டங்களில் பலர் அதை உடம்புச் சூடு என்றே எண்ணுகிறார்கள். கைமருந்து குடித்ததும் இரண்டு நாளில் நின்றுவிடுகிறது. வலியும் இல்லை. ‘ஒரு நாள் பேர் போய்விடுமே’ என்று மலைக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் சிறுநீரகப் புற்றுநோயிலும் இரத்தம் இப்படித்தான் வலியின்றி வந்து, தானாக நிற்கும்.

வேறு சிலர் ஸ்கேன் அறிக்கையில் ‘கட்டி’ என்ற சொல்லைக் கண்டதுமே வாழ்வு முடிந்தது என்று மனமுடைந்து போகிறார்கள். இரண்டுமே தவறு.

சிறுநீரகத்தில் அதிகம் காணப்படுவது நீர்க்கட்டி. வயது ஏற ஏற இது பலருக்கு உண்டாகிறது. மெல்லிய சுவரும் தெளிந்த நீரும் மட்டுமே இருந்தால் பயமில்லை. பெரும்பாலும் சிகிச்சையும் வேண்டியதில்லை. கொழுப்புக் கட்டியும் புற்றுநோயல்ல. ஆனால் பெரிதானால் உள்ளே இரத்தம் கசியலாம்.

கட்டி நீரா, சதையா என்பதை வயிற்று ஸ்கேன் காட்டும். சதையானால் அடுத்தது சீ.டி. ஸ்கேன். நரம்பில் மருந்து ஏற்றுமுன்னும் ஏற்றியபின்னும் படமெடுப்பார்கள். இரத்தம் பாயும் சதை மருந்தை வாங்கி வெளுத்துத் தெரியும்; வெறும் நீர் வாங்காது. கொழுப்பு கறுத்துத் தெரியும். நீர்க்கட்டியின் சுவர் தடித்து, உள்ளே தடுப்புகள் இருந்தால் சந்தேகம் கூடும். இதைத் தரம் பிரிக்கும் முறையை அமெரிக்க வைத்தியர் பொஸ்னியாக் 1986 இல் வகுத்தார். 2019 இல் அது திருத்தப்பட்டது.

படம் மட்டும் எப்போதும் போதாது. ஒன்கோசைட்டோமா என்ற தீங்கற்ற கட்டி, படத்தில் புற்றுநோய் போலவே தெரியும். 4 சென்ரிமீற்றருக்குக் குறைந்த சதைக் கட்டிகளை வெட்டியெடுத்துச் சோதித்தால், ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றுநோயல்ல. ஆகவே சிலருக்கு ஊசியால் சதை எடுத்துச் சோதிப்பார்கள். சிலருக்குக் குறித்த காலத்தில் மீண்டும் படமெடுத்துக் கவனிப்பார்கள். சத்திரசிகிச்சை தேவையானாலும், சிறிய கட்டியை மட்டும் அகற்றிச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடிகிறது.

சிறுநீரில் ஒரு முறை இரத்தம் கண்டாலும் தோட்ட வைத்திய உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். நோர்வூட்டுக்கு அருகே டிக்கோயா ஆதார வைத்தியசாலை இருக்கிறது. அதன் புதிய கட்டடம் 2017 மே 12 இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து கண்டிக்கோ மகரகமைக்கோ துண்டு எழுதித் தந்தால் பாதியில் விட்டுவிடாதீர்கள். பழைய ஸ்கேன் படங்களைக் கிளினிக் கொப்பியோடு கொண்டு செல்லுங்கள். கட்டி வளர்ந்ததா என்பதை அவையே சொல்லும். நீரிழிவு, ஒவ்வாமை இருந்தால் சீ.டி. ஸ்கேனுக்கு முன்பே அறிவியுங்கள்.

புகைத்தலும் உயர் இரத்த அழுத்தமும் இந்நோய்க்கு இடம் கொடுப்பவை. பீடியை விடுவோம், பிரஷரைப் பார்ப்போம். இறைவன் தந்த உடலைப் பேணுவதும் நம் கடமையல்லவா?