இறப்பர் மெத்தைக்குப் போடும் உடுப்பு

நாவற்குடாவில் மாமி வீட்டு மெத்தை வாங்கி ஏழு மாதம் ஆகிறது. நாரிநோவுக்கு நல்லது என்று பிள்ளைகள் காசு சேர்த்து எடுத்துக் கொடுத்த முழு லேடெக்ஸ் மெத்தை. கடையில் படுத்துப் பார்த்தபோது தோளும் இடுப்பும் மெல்ல அமிழ்ந்து, நாரி தாங்கலாக நின்றதாம். வீட்டுக்கு வந்த பிறகு கதை மாறிவிட்டது. "பலகையில படுத்த மாதிரிக் கிடக்கு மனே. சூடும் தாங்க ஏலாது" என்றார்.

விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். மேலே பருத்திப் பெட்ஷீட். அதன் கீழே பஞ்சு வைத்துத் தைத்த தடித்த புரொடெக்டர். இரண்டு மூன்று தரம் தோய்த்ததில் அது சுருங்கி, மெத்தையின் நாலு மூலைகளையும் மேல்நோக்கி வளைத்துப் பிடித்திருந்தது. அதற்கும் கீழே, பேரப்பிள்ளை இரவில் நனைத்துவிடுவான் என்ற பயத்தில் விரித்த றெக்சின் துண்டு. எல்லாவற்றுக்கும் அடியில், கடையிலிருந்து வந்த பொலித்தீன் உறை கழற்றப்படாமலே கிடந்தது. ஏழு மாதமாக மாமியின் உடம்பு லேடெக்ஸைத் தொடவேயில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

மெத்தை வாங்கும்போது எத்தனை அங்குலம், எத்தனை வருட உத்தரவாதம் என்று கேட்கிறோம். அதன்மேல் என்ன போடப்போகிறோம் என்பதை யாரும் கேட்பதில்லை. லேடெக்ஸைப் பொறுத்தவரை பாதிச் சுகம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

லேடெக்ஸ் என்பது இறப்பர் பால். நமது வாவிக்கரை இறப்பர் விளையும் மண் அல்ல. மரம் நிற்பது களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கம். பிரேசில் மரத்தின் நாற்றுகள் 1876 இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்து கம்பஹாவின் ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டன. இன்று இலங்கை வெளிநாடுகளுக்கு லேடெக்ஸ் மெத்தை ஏற்றுமதி செய்கிறது. செய்முறையும் விளங்கக்கூடியதுதான். செறிவாக்கிய பாலை சவர்க்காரம் சேர்த்து, கேக்குக்கு முட்டை அடிப்பதுபோல நுரைக்க அடிப்பார்கள். ஊசிகள் நிறைந்த அச்சில் அதை ஊற்றி உறையவைத்து, நீராவியில் வேகவைப்பார்கள். டன்லப் ஆய்வுகூடத்தில் 1929 இல் கண்ட வழி இது. வெப்பம் உள்ளே பரவுவதற்காக நின்ற ஊசிகள் விட்டுப்போன துளைகளைத்தான் மெத்தையின் முகத்தில் வரிசை வரிசையாகப் பார்க்கிறோம். அந்தத் துளைகள் மெத்தையை இளக்கமாக்குகின்றன. கொஞ்சம் காற்றுக்கும் வழி விடுகின்றன.

இந்த நுரையின் சிறப்பு, அழுத்திய இடம் மட்டும் தாழ்வது. தோள் அமிழும்; அதற்கு ஒரு சாண் தள்ளியிருக்கும் இடம் அசையாது. கையை எடுத்த கணமே மேலே வந்துவிடும். பக்கவாட்டில் படுப்பவரின் தோளும் இடுப்பும் தேவையான அளவு இறங்கி முதுகெலும்பு நேராக நிற்பது இதனால்தான்.

இனி உறை என்ன செய்கிறது என்று பார்ப்போம். படுவான்கரையிலிருந்து வரும் எருமைத் தயிர்ச் சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். திறந்த தயிரில் விரலை வைத்தால் வைத்த இடம் மட்டும் குழியும். வாயில் கடதாசியை இழுத்துக் கட்டிய சட்டியின் மேல் அதே விரலை வைத்தால்? கடதாசி முழுதும் சேர்ந்து தடுக்கும். விரல் தயிரை எட்டாது. இழுத்துக் கட்டிய, இழுபடாத துணி ஒன்று லேடெக்ஸின் மேல் கிடந்தால் நடப்பதும் இதுதான். தோளின் பாரம் துணியில் விழுகிறது, துணி அதை மெத்தையின் அகலத்துக்கும் பகிர்ந்துவிடுகிறது, தோள் இறங்க இடமில்லாமல் போகிறது. "கட்டையாக இருக்கிறது" என்று உடம்பு சொல்வது அதைத்தான். லேடெக்ஸ் மெத்தையில் இந்தக் குறை மற்ற மெத்தைகளைவிடக் கூடத் தெரியும். தென்னந்தும்பு மெத்தை ஏற்கெனவே இறுகியது. அதன்மேல் எதை இழுத்துக் கட்டினாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

மூன்று பொருள்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, மெத்தையோடு வரும் உறை. சிப் வைத்திருக்கும், அல்லது சுற்றித் தைத்திருக்கும். இரண்டு, நாம் தனியாக வாங்கும் புரொடெக்டர். மூன்று, பெட்ஷீட். மெத்தையின் குணத்தை அதிகம் மாற்றுவது முதல் இரண்டும்தான்.

உறைத் துணியில் பின்னல் துணி, நெய்த துணி என்று இரண்டு வகை. ரீ சேர்ட் துணி பின்னல். எந்தப் பக்கம் இழுத்தாலும் கொடுக்கும். மருதமுனைச் சாரன் நெய்த துணி. நேராக இழுத்தால் கொடுக்காது. லேடெக்ஸுக்குப் பொருந்துவது பின்னல் துணி. கடையில் உறையை இரண்டு விரலால் கிள்ளி, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் இழுபட்டுத் திரும்பினால் நல்லது. பிறகு முஷ்டியை ஊன்றுங்கள். முஷ்டியைச் சுற்றிச் சின்னக் குழி விழுந்தால் லேடெக்ஸ் வேலை செய்கிறது. ஒரு முழம் தள்ளியும் துணி சுருக்கம் விழுந்து இழுபட்டால் அந்த உறை இறுக்கம்.

உறைக்குள் பஞ்சு வைத்துக் கட்டம் கட்டமாகத் தைப்பதும் உண்டு. முதல் நாள் அது மெதுமெதுவென்று இருக்கும். ஆனால் அந்த மென்மை பஞ்சினுடையது, லேடெக்ஸினுடையது அல்ல. பொலியெஸ்டர் பஞ்சு சில மாதங்களில் உடம்பு கிடக்கும் இடத்தில் அமுங்கிவிடும். "லேடெக்ஸ் மெத்தையும் குழி விழுந்துபோச்சு" என்று சொல்லுபவர்களில் சிலருடைய மெத்தையில் குழி விழுந்திருப்பது உறையின் பஞ்சில் மட்டும்தான். சிப் இருந்தால் உறையைத் திறந்து, லேடெக்ஸின் முகத்துக்குக் குறுக்காக ஒரு நூலை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூலுக்கும் லேடெக்ஸுக்கும் இடையில் வெளி தெரியாவிட்டால் மெத்தையில் பிழையில்லை. உறையைத் திறக்கமுன் உத்தரவாதச் சீட்டை வாசித்துக்கொள்ளுங்கள். சில உத்தரவாதம் அதோடு போய்விடும். வெற்று லேடெக்ஸைப் பிடித்து இழுக்கவும் கூடாது. ஆறு அங்குலத் தடிப்பில் இருவர் படுக்கும் மெத்தை 30 கிலோவுக்குக் கிட்ட வரும். தன் பாரத்திலேயே கிழியும்.

கம்பளி வைத்த உறைகளும் உண்டு. அமெரிக்காவில் 2007 முதல் மெத்தைகள் தீச்சுவாலைச் சோதனையில் தேற வேண்டும் என்ற விதி வந்தது. இயற்கை லேடெக்ஸ் செய்பவர்கள் பலர் இரசாயனம் பூசாமல் அதைச் சமாளிக்கக் கம்பளிப் படையைச் சேர்த்தார்கள். சுவிற்சலாந்து, ஜேர்மனிப் பக்கம் மெத்தை உறையில் கோடைக்கு ஒரு பக்கம், குளிருக்கு ஒரு பக்கம் என்று வைப்பதும் வழக்கம். அங்கிருந்து உறவுகள் அன்போடு அனுப்பும் தடித்த உறை அந்த ஊர்க் குளிருக்குச் செய்தது. வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அனலாக வீசும் நமது ஊரில் அதை விரித்துவிட்டு மெத்தையைக் குறை சொல்லக் கூடாது.

அப்படியென்றால் புரொடெக்டரே வேண்டாமா? கட்டாயம் வேண்டும். லேடெக்ஸ் மெத்தையைத் தோய்க்க முடியாது. ஈரம் உள்ளே இறங்கினால் காய நாட்கணக்காகும். வியர்க்காத இரவிலும் ஒருவரின் தோலாலும் மூச்சாலும் ஒரு தேநீர்க் கோப்பை அளவு ஈரம் வெளியேறும். வியர்த்தால் கேட்கவே வேண்டாம். எண்ணெய் இன்னொரு கவலை. மாமி இரவில் நாரிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுத்தான் படுப்பார். தலைக்கு நல்லெண்ணெய் வேறு. இறப்பருக்கு எண்ணெய் ஆகாது. ஊறி ஊறி அந்த இடம் இளகிப் பிசுபிசுத்துப் போகும். நாரிநோவுக்காக வாங்கிய மெத்தையை நாரிநோவு எண்ணெயே கெடுக்காமல் பார்க்க ஒரு தடுப்புத் தேவை.

கேள்வி, எந்தத் தடுப்பு என்பதுதான். றெக்சினும் பொலித்தீனும் நீரைத் தடுக்கும். அதோடு உடம்பின் ஈரத்தையும் மேலேயே நிறுத்திவிடும். முதுகு நனைவதும் புரளும்போது சரசரப்பதும் அதனால்தான். அவை இழுபடவும் மாட்டா. பஞ்சு வைத்த புரொடெக்டர் மென்மையாகத் தெரியும். ஆனால் நீர் இறங்கிவிடும், வெப்பத்தையும் பிடித்து வைக்கும், பருத்தியென்றால் தோய்க்கத் தோய்க்கச் சுருங்கும்.

நான் சொல்வது மூன்றாவது வகையை. மேலே பின்னல் துணியோ மெல்லிய துவாய்த் துணியோ இருக்கும். அதன் அடியில் தலைமுடியின் தடிப்புக்கும் குறைவான பொலியுரேத்தேன் படலம் ஒட்டியிருக்கும். திரவம் இறங்காது; நீராவி மெல்ல மெல்லக் கடந்துவிடும். துணியோடு சேர்ந்து படலமும் இழுபடும் என்பதால் லேடெக்ஸின் குணம் பெரும்பாலும் அப்படியே மேலே வரும். காற்று அதைத் தாண்டிப் போகாது என்பதால், ஒன்றுமே இல்லாத மெத்தையைவிடக் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். அதை மறைக்கத் தேவையில்லை. மேலே மெல்லிய பருத்தி விரிப்புப் போட்டால் சமாளிக்கலாம். வாங்கும்போது மெத்தையின் நீள அகலம் மட்டும் போதாது, தடிப்பையும் அளந்துகொண்டு போங்கள். எட்டு அங்குல மெத்தைக்கு ஆறு அங்குலத்துக்கான புரொடெக்டரை மாட்டினால், எவ்வளவு நல்ல துணியானாலும் தயிர்ச் சட்டிக் கடதாசியாகிவிடும்.

அதைத் தோய்ப்பதிலும் கவனம் வேண்டும். இளஞ்சூட்டு நீர், மென்மையான சவர்க்காரத் தூள், குளோரின் கூடாது. அயன் பண்ணவே கூடாது, படலம் உருகும். பிழிந்து முறுக்காமல் நிழலில் கொடியில் போடுங்கள். பூச்சித் தொல்லைக்கு, பெட்ஷீட்டையும் தலையணை உறையையும் 60 பாகை அளவு சுடுநீரில் தோய்ப்பது நல்லது. தூசிப் பூச்சி ஈரக் காற்றில்தான் பெருகும். வாவிக்கரையில் அதற்குக் குறைவில்லை. லேடெக்ஸுக்குள் அதற்கு அவ்வளவு இடமில்லை. குடியிருப்பது மேலே கிடக்கும் துணியிலும் பஞ்சிலும்.

எல்லாவற்றிலும் முக்கியமாக நான் சொல்ல விரும்புவது வெயிலைப் பற்றி. இலவம்பஞ்சு மெத்தையை மாரி கழிந்ததும் முற்றத்தில் போட்டு, தடியால் தட்டிக் காயவைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். பெத்தா காலத்துப் பழக்கம் அது, பஞ்சு மெத்தைக்குச் சரியான வைத்தியமும்கூட. லேடெக்ஸுக்கு அதுவே நஞ்சு. வெயிலும் அதன் புற ஊதாக் கதிரும் பட்டால் இறப்பரின் முகம் மஞ்சளித்து, காய்ந்து, வெடித்து, விரலால் தேய்த்தால் பொடியாக உதிரும். யன்னலோரக் கட்டிலில் தினமும் வெயில் விழுந்தாலும் போதும். உறை செய்யும் பெரிய உபகாரமே அந்த ஒளியை மறைப்பதுதான். அதனால், உறையைத் தோய்க்கக் கழற்றும் நாளிலும் லேடெக்ஸின் மேல் ஒரு விரிப்பைப் போட்டு மூடி வையுங்கள். காற்றாட வைக்க வேண்டுமானால் நிழலில், சுவரில் சாய்க்காமல், கட்டிலிலேயே வைத்து மின்விசிறியைப் போட்டால் போதும்.

அடிப்பக்கமும் கவனிக்க வேண்டியது. ஐப்பசியில் தொடங்கித் தை வரை வாடை மழை. அந்த மாதங்களில் சுவரே வியர்க்கும். முழுப் பலகை அடித்த கட்டிலில் மெத்தையின் அடி மூச்சு விட முடியாமல் பூசணம் பிடிக்கும். சட்டங்கள் அடித்த கட்டில் நல்லது. இடைவெளி மூன்று அங்குலத்துக்கு மேல் போனால் லேடெக்ஸ் அதற்குள் தொங்கும். 2011 தையில் வந்ததுபோல வெள்ளம் வீட்டுக்குள் ஏறினால் எந்தப் புரொடெக்டரும் காக்காது. அது மேலேயும் பக்கத்திலேயும்தான் மூடுகிறது, அடி திறந்தது. தண்ணீர் வருமுன் மெத்தையை உயரத்தில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

கச்சான் இரவுகளில் மெத்தைக்கு மேல் பன்பாய் விரித்துப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் பிழையொன்றும் இல்லை. பாய் குளிர்ச்சி; முதுகுக்குக் கீழே கொஞ்சம் காற்றும் ஓடும். ஆனால் பாய் விரித்த இரவில் லேடெக்ஸின் குழைவை எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் மெத்தை கட்டையாகவோ சூடாகவோ இருந்தால், விற்றுவிட நினைக்குமுன் ஒரு வாரம் ஒதுக்குங்கள். முதல் நாள் இரவு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மெத்தையின் உறைமேல் பெட்ஷீட் மட்டும் தளர்வாகப் போட்டுப் படுங்கள். அந்த இரவின் உணர்வுதான் மெத்தையின் உண்மையான குணம். அதுவே கட்டையாக இருந்தால் மெத்தைதான் காரணம், அல்லது அதனோடு வந்த உறை. அது சுகமாக இருந்தால், அடுத்த இரவு புரொடெக்டரை மட்டும் சேருங்கள். எந்தத் தட்டைப் போட்ட இரவில் தோள் மறுபடி நோகிறதோ, மாற்ற வேண்டியது அந்தத் தட்டை.

மாமி வீட்டில் இதைத்தான் செய்தோம். பொலித்தீனைக் கத்திரித்து எடுத்தபோது உள்ளே ஏழு மாத ஈரத்தின் வாடை. இரண்டு நாள் மின்விசிறிக் காற்றில் விட்டோம். சுருங்கிய புரொடெக்டரைக் கழற்றியதும் மூலைகள் தாமாகவே படிந்தன. படலம் வைத்த மெல்லிய புரொடெக்டர் ஒன்றை, மெத்தையின் தடிப்பை நூலால் அளந்துகொண்டு போய், காத்தான்குடியில் தேடி எடுத்தேன். பேரன் இப்போதும் இடைக்கிடை நனைக்கிறான். காலையில் அது மட்டும் கொடியில் கிடக்கும். றெக்சின் துண்டு கோழிக்கூட்டுக்கு மேலே போய்விட்டது. பொலித்தீன் உறையை மாமி வீசவில்லை. மழைக்கு விறகு மூடக் கிடக்கிறது.