பூட்டிய வாயிலும் புதிய படமும்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நள்ளிரவு. விடுதிக்குப் புதிதாக வந்த நம் தம்பி ஒருவனுக்குக் கடுங்காய்ச்சல். மருத்துவ நிலையத்திற்கு அழைத்துச் சென்றோம். கைப்பேசிப் படம் காட்டிய வாயிலோ பூட்டிக் கிடந்தது! சுற்றிக்கொண்டு மறு வாயிலை அடைய அரை மணி ஆயிற்று. தம்பி தேறிவிட்டான். ஆயினும், தில்லிக்கு இனி வரும் நம்மவர் எவரும் அவ்வாறு நிற்கலாகாது என்று எண்ணினேன். அன்பர்களே, படத்தை நாமே செய்யலாம்.

2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல உலகெங்குமுள்ள ஆர்வலர் அதனை வளர்க்கின்றனர். அது வெறும் ஓவியமன்று; தரவுக் களஞ்சியம். வாயில் ஒரு புள்ளி, பாதை ஒரு கோடு. ஒவ்வொன்றுக்கும் பெயர், தமிழ்ப் பெயர், திறக்கும் நேரம் எனக் குறிப்புகள் சேர்க்கலாம். எவரும் எடுத்தாளலாம், எடுத்த இடத்தைக் குறிப்பிடுவது கட்டாயம்.

நம் வாயில்களின் நேரம் அதில் இல்லை. இரண்டு இரவுகள் நடந்து குறித்தேன். காவலர் ஐயத்துடன் நோக்கினார். என் இந்தி அவரது ஐயத்தை மேலும் வளர்த்தது!

குறித்ததைக் களஞ்சியத்தில் பதித்தபின், ஓவர்பாஸ் டர்போ என்னும் கருவியிடம், ‘இவ்வெல்லைக்குள் உள்ள வாயில்களைத் தா’ எனக் கேட்டேன். ஜியோஜேசன் என்னும் வடிவில் கோப்பு கிடைத்தது. பைத்தான் மொழியின் ஜியோபாண்டாஸ் கொண்டு, இரவில் திறப்பவை, பூட்டுபவை எனப் பிரித்தேன். திரையில் வரைவது லீஃப்லெட்டின் வேலை. அடிப்படம் சதுரத் துண்டுகளாக வரும்: உலகம் முழுவதும் முதலில் ஒரே சதுரம், ஒரு படி நெருங்கினால் 4, அடுத்து 16. நாம் பார்க்கும் இடத்துச் சதுரங்கள் மட்டுமே இறங்குவதால் படம் விரைவில் விரிகிறது.

எல்லாம் முடித்துத் திறந்தால், ஒரு வாயிலையும் காணோம்! தில்லியின் அட்சரேகை ஏறத்தாழ 28.6, தீர்க்கரேகை 77.2. ஜியோஜேசன் தீர்க்கரேகையை முதலில் எழுதும். லீஃப்லெட் புள்ளி வைக்க அட்சரேகையை முதலில் கேட்கும். நான் மாற்றாமல் கொடுத்துவிட்டேன். நம் வாயில்கள் நார்வேக்கு வடக்கே, பேரண்ட்ஸ் கடலில் மிதந்துகொண்டிருந்தன! கோப்பை அப்படியே லீஃப்லெட்டின் ஜியோஜேசன் கட்டளையிடம் ஒப்படைத்திருந்தால், அதுவே வரிசையை மாற்றிக்கொண்டிருக்கும். ஒரு மாலைப்பொழுது வீணாயிற்று.

இப்போது இரவில் திறந்த வாயில் பச்சை, பூட்டியது சிவப்பு, பெயர்கள் தமிழில். தேர்வுக் காலத்தில் கிழக்கு வாயிலின் நேரம் மாறும் என்கிறார்கள். இரவு 11 மணிக்குப்பின் அவ்வழியே வரும் அன்பர் பார்த்துச் சொன்னால், மறுநாளே திருத்திவிடுவேன்.