25 நிமிடம் ஆனால் "எழுந்திரு" என்று சொல்லும் மேஜை விளக்கு!
செல்போனுக்கு லீவு கொடுத்த திருவல்லிக்கேணி வீடு

"தெரு விளக்கில் படித்துத்தானே முத்துசாமி அய்யர் ஐகோர்ட்டு ஜட்ஜ் ஆனார்?"

பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லாத அப்பா சென்னையில் உண்டா? இன்று வீட்டுக்கு வீடு விளக்கு இருக்கிறது. பக்கத்திலேயே செல்போனும் இருக்கிறது. சங்கடமே அங்கேதான்!

திருவல்லிக்கேணியில் ஒரு ஒண்டுக்குடித்தனம். அப்பா குமாஸ்தா. மகள் பிளஸ்–2 படிக்கிறாள்.

"மணி பார்க்கத்தாம்ப்பா எடுத்தேன்" என்பாள். எடுத்த போன் கீழே இறங்காது. அரை மணி போய்விடும். அம்மா சத்தம் போடுவார். தினம் ராத்திரி ரகளை! போனைப் பிடுங்கி பீரோவில் வைத்தார்கள். பெண் ஒரேயடியாக 3 மணி நேரம் உட்கார்ந்து, மேஜையிலேயே தூங்கி விழுந்தாள்.

தக்காளி கடிகாரம்

மாடியில் குடியிருக்கும் டி.வி. மெக்கானிக் ஒரு யோசனை சொன்னார்.

1980–களின் கடைசியில், இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற கல்லூரி மாணவருக்கும் படிப்பில் மனம் ஓடவில்லை. தக்காளி வடிவத்தில் இருந்த சமையலறைக் கடிகாரத்தைத் திருகி வைத்துப் படித்தார். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்று வகுத்தார். இத்தாலிய மொழியில் தக்காளிக்கு 'பொமோடோரோ' என்று பெயர். அந்த முறைக்கும் அதுவே பெயராகிவிட்டது.

"அந்தக் கடிகாரத்தை விளக்குக்குள்ளேயே வெச்சிட்டா என்ன சார்?" என்றார் மெக்கானிக்.

ரிச்சி தெரு கூப்பிடு தூரம்தான். இருவரும் நடந்தே போய் சாமான் வாங்கி வந்தார்கள்.

ஓட்டைக் குடம்

முதலில் '555' என்ற டைமர் ஐ.சி.யைப் போட்டார்கள். 1971–ல் ஹான்ஸ் காமென்சிண்ட் வடிவமைத்தது; இன்றும் கடைகளில் கிடைக்கிறது. ஆனால் 25 நிமிடத்துக்கு இழுக்க 1,000 மைக்ரோபாரட் கண்டென்சர் வேண்டும். கண்டென்சர் நிரம்பினால்தான் நேரம் முடியும். இவ்வளவு பெரிய கண்டென்சரில் மின்சாரம் கொஞ்சம் கசியும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதைதான்! ஒரு நாள் 40 நிமிடம் ஆயிற்று. இன்னொரு நாள் 1 மணி நேரம் ஆகியும் விளக்கு மாறவில்லை. "இதுக்கு அம்மாவே தேவலை" என்றாள் பெண்.

8,192 வரை எண்ணும்

அடுத்து வந்தது '4060' ஐ.சி. ஒரு டீ, வடை காசுதான். இது நிரப்புவதில்லை, எண்ணுகிறது. சின்னக் கண்டென்சர் ஒன்று வினாடிக்கு சுமார் 5½ முறை துடிக்கும். 8,192 துடிப்பு எண்ணினால் 25 நிமிடம். உடனே ஐ.சி.யின் 3–வது காலில் மின்சாரம் வரும், வெள்ளை எல்.இ.டி. அணைந்து மங்கலான மஞ்சள் எல்.இ.டி. எரியும். மேலும் 2,048 எண்ணியதும் 1–வது காலிலும் வரும். இரண்டும் சேர்ந்தால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பி, வெள்ளை விளக்கு தானாக எரியும். ஓய்வு 5 நிமிடத்துக்குப் பதில் 6¼ நிமிடம். பெண்ணுக்கு லாபம்!

நேரத்தைச் சரிபார்க்க 25 நிமிடம் காத்திருக்க வேண்டியதில்லை. 15–வது காலில் 94 வினாடிக்கு மின்சாரம் வருமாறு பிரிசெட்டைத் திருகினால் போதும்.

விளக்கு முழுவதும் அணைந்தால் என்ன என்று அப்பா கேட்டாராம். "கணக்கு பாதியில நிக்கும்போது இருட்டாயிட்டா எனக்குக் கோபம் வரும்" என்றாள் மகள். நியாயம்தானே? அதனால்தான் மஞ்சள். பஸ்ஸர் வைக்கும் யோசனையும் அடிபட்டுப் போயிற்று. ஒற்றை அறை வீட்டில் மற்றவர்கள் தூங்க வேண்டாமா!

ஒரு எச்சரிக்கை: செய்து பார்க்க நினைப்பவர்கள் 230 வோல்ட்டில் கை வைக்கக் கூடாது. இந்த விளக்கு ரெடிமேட் 12 வோல்ட் அடாப்டரில் எரிகிறது.

கரண்ட் போய் வந்தால் எண்ணிக்கை குழம்பிவிடும். பொத்தானை அழுத்தி மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இது ஒரு குறைதான்.

நாம் போயிருந்தபோது மஞ்சள் விளக்கு எரிந்தது. பெண் எழுந்து வாசலுக்கு வந்தாள். "ஏன்டி, அதுக்குள்ள எழுந்துட்டே?" என்றார் அம்மா.

அவள் பேசவில்லை. விளக்கைக் காட்டினாள். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.